நிலுவை பூஜ்யம்

சிறுதொழில் சங்கத்தின் கூட்டங்களுக்கு எப்போதும் வசந்தகுமார்தான் போவான். பேங்க், துறைமுகம், அதிகாரிகள், சங்கம் என்று கம்பெனிக்கு வெளியே இருப்பதையெல்லாம் அவன் பார்த்தான். மெஷின், சரக்கு, ஆட்கள் என்று உள்ளே இருப்பதையெல்லாம் சாராள் பார்த்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் குழாய்களுக்கு மூட்டும் முழங்கையும் செய்கிற அவர்களுடைய கம்பெனி பதினாலு வருஷமாக அப்படித்தான் ஓடியது. இரண்டு பேரும் சரிபாதிப் பங்காளிகள்.

அந்த வெள்ளிக்கிழமை வசந்தகுமார் வேலைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்தில் அவன் மகளுக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். மண்டபம், சமையல்காரர், சொந்தபந்தம் என்று அலைந்துகொண்டிருந்தான். அதனால் சங்கத்திலிருந்து போன் வந்தபோது சாராள் எடுத்தாள். சென்னையிலிருந்து நர்மதா என்று ஒரு வக்கீல் வருகிறார், சுங்கத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு போட்டால் பிரயோஜனம் உண்டா இல்லையா என்று புள்ளிவிவரத்தோடு பேசப்போகிறார், கம்பெனிக்கு ஒருவராவது வாருங்கள் என்றார்கள். சாராள் கையைக் கழுவிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். வேறு எந்த விஷயமாக இருந்தாலும் போயிருக்க மாட்டாள். அந்தத் தீர்ப்பாயத்தில் அவளுக்கும் ஒரு மேல்முறையீடு இருந்தது.

விவகாரம் ஐந்து வருஷத்துக்கு முந்தையது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடியும் மணிமணியாக வெட்டிய சரக்கை அவர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். அதே சரக்கை வேறு பல கம்பெனிகளும் வாங்கின. ஒரு மழைக்காலத்தில் துறைமுகத்தில் எல்லாருடைய கன்டெய்னரையும் நிறுத்திவிட்டார்கள். இது மணி இல்லை, கழிவு. கழிவை இறக்க அனுமதி கிடையாது. தெரிந்தே பொய்யாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று உத்தரவு வந்தது. கம்பெனிகளுக்கு அபராதம். சரக்கு இன்னதென்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தனியாக அபராதம். இவர்கள் கம்பெனியில் அந்தக் கையெழுத்து சாராளுடையது. அவள் துறைமுகத்துக்கே போய், மூட்டையைப் பிரித்து, மணியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போட்டிருந்தாள்.

கம்பெனிக்கு அது தொழிலில் வருகிற ஒரு தொல்லை. சாராளுக்கு அப்படி இல்லை. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் வெளிநாட்டுக் குப்பையை நம் மண்ணில் கொட்டுகிறவர்கள் என்று தலைப்புப் போட்டு அவள் பெயரையும் போட்டிருந்தார்கள். கவரைப்பேட்டையில் அவர்கள் தெருவில் அதைப் படிக்காதவர்கள் இல்லை. சர்ச்சில் பெண்கள் சங்கத்துக்கு அவள் பொருளாளராக இருந்தாள். அடுத்த தேர்தலில் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. அப்போது ஆறாவது படித்த அவள் மகள் ஜெனிபர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, நாம் குப்பையா இறக்குகிறோம் என்று கேட்டாள். மேல்முறையீடு போட்டிருக்கிறோம், தீர்ப்பு வரட்டும், அதை எல்லாருக்கும் காட்டுவோம் என்று சாராள் சொன்னாள். தெருவிலும் சர்ச்சிலும் கேட்டவர்களுக்கெல்லாம் அதே பதில்தான். அவள் கணவன் மோசஸ் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அவனும் தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

மேல்முறையீட்டை வசந்தகுமார்தான் கன்சல்டன்ட் வைத்துப் போட்டான். கம்பெனிக்கு ஒன்று, சாராளுக்கு ஒன்று. அதற்குப் பிறகு அவள் மாதத்துக்கு ஒரு தரமாவது அவனிடம் கேட்பாள்.

"இன்னா வசந்து, தேதி வந்துச்சா?"

"எங்கேக்கா வருது? அங்க மலை மாதிரி நிலுவை. பெஞ்சுல ஒக்கார ஆளே இல்ல. நம்பளுது வர்றதுக்கு இன்னும் டைம் ஆவும்."

அவளும் நம்பினாள். கோர்ட்டு என்றால் அப்படித்தான் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு தரம், ஓசூர்ப் பக்கம் யாரோ இதே விவகாரத்தில் ஜெயித்துவிட்டார்கள் என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னதை அவனிடம் சொன்னாள். அவர்கள் பெரிய வக்கீல் வைத்து முன்கூட்டியே விசாரணை வாங்கியிருப்பார்கள், நமக்கு வரிசைப்படிதான் வரும் என்றான்.

அவனை நம்பியதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. ஆரணி பக்கம் வசந்தகுமாரின் குடும்பத்துக்கு நெல் வயல்கள் உண்டு. அந்த வயல்களில் சாராளின் அம்மாவும் அப்பாவும் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள். சாராள் டிப்ளமோ படித்து ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனாள். அதே கம்பெனிக்கு அவன் விற்பனைப் பிரிவில் வந்து சேர்ந்தான். தனியாகத் தொழில் தொடங்கலாம் என்று கேட்டவன் அவன்தான். ஐந்து வயது சின்னவன் என்றாலும் அவளுக்கு அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட வந்தது. 'நீ, வா, போன்னு கூப்புடு, நீ எனக்கு அக்கா' என்று அவன் சொல்லிச் சொல்லி, அது வாயில் படிய ஒரு வருஷம் ஆனது. அவன் அவர்கள் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டதை அவன் வீட்டில் பெரியவர்கள் ஒரு பிரச்சினையாக்கினார்கள். பிறகும் வந்தான். பிறகும் சாப்பிட்டான். சாராளின் சொந்தக்காரர்களே அதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நர்மதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். திரையில் எண்களைக் காட்டிக்கொண்டே, தூக்கம் வராத மாதிரி பேசினாள். தீர்ப்பாயத்துக்கு வருஷத்தில் எத்தனை மேல்முறையீடு வருகிறது, எத்தனை முடிகிறது, ஒன்று முடிய சராசரியாக எவ்வளவு காலம் ஆகிறது, முடிந்ததில் வியாபாரிகள் பக்கம் தீர்ப்பானது எத்தனை என்று வரிசையாகச் சொன்னாள். மொத்தத்தைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் மொத்தத்தைப் பார்க்கக்கூடாது, உங்கள் சரக்குக்கு என்ன நடந்தது என்று தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். அப்படி எடுத்துப் பார்த்த ஒரு கட்டு என்று அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

அது பிளாஸ்டிக் மணி. சாராள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரே சமயத்தில் நிறுத்தப்பட்ட கன்டெய்னர்கள், ஒரே மாதிரி உத்தரவு. அதை எதிர்த்து வந்தவை இருபத்து மூன்று மேல்முறையீடுகள். அதில் பத்தொன்பது வியாபாரிகளுக்குச் சாதகமாக முடிந்துவிட்டன. சரக்கு கழிவு இல்லை, பொய்யாக எழுதவும் இல்லை என்று தீர்ப்பாயம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரண்டைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி அனுப்பினார்கள். மீதி இரண்டும் போட்டவர்களே திரும்ப வாங்கிக்கொண்டவை. நர்மதா அந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். இந்த இரண்டையும் பார்த்தால்தான் எனக்கு வருத்தம், ஒரு வருஷம் பொறுத்திருந்தால் இவர்களும் ஜெயித்திருப்பார்கள், பயந்துபோய் தப்பை ஒத்துக்கொண்டு விலகிவிட்டார்கள் என்றாள். முன்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். யாரோ பாவம் என்று சாராளும் நினைத்துக்கொண்டாள். இந்தத் தீர்ப்பெல்லாம் இருக்கும்போது தன்னுடையதும் சுலபமாக முடிந்துவிடும் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கூட்டம் முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் நர்மதாவிடம் போனாள். எங்களுடையதும் இதே சரக்கு, இன்னும் விசாரணைக்கே வரவில்லை, இந்தத் தீர்ப்பைக் காட்டிச் சீக்கிரம் முடிக்கச் சொல்லலாமா என்று கேட்டாள்.

நர்மதா டீயைக் கீழே வைத்தாள். "இன்னும் வரலயா? இந்தக் கட்டுல நிலுவையே கிடையாதே மேடம். இருபத்து மூணும் முடிஞ்சிருச்சு. நிலுவை பூஜ்யம்."

"எங்களுது விட்டுப் போயிருக்கும்."

"கம்பெனி பேரு சொல்லுங்க."

சாராள் சொன்னாள். நர்மதா மடிக்கணினியைத் திறக்கவில்லை. அந்தப் பெயர் அவளுக்கு ஞாபகம் இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. சாராளின் பெயரையும் கேட்டாள். கேட்டுவிட்டு, டீ கொடுக்கிற இடத்திலிருந்து அவளைத் தனியாக ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கம்பெனியுடையதும் உங்களுடையதும் மூன்று வருஷத்துக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டுவிட்டன, தீர்ப்பாயத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

சாராள் வீட்டுக்கு வந்து மோசஸிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. வசந்தகுமார் அப்படிச் செய்கிறவன் இல்லை, அந்தக் கன்சல்டன்ட் ஏதாவது குளறுபடி பண்ணியிருப்பான், அவசரப்பட்டு எதுவும் கேட்டுவிடாதே என்றான். அவளுக்கும் அப்படி நினைக்கத்தான் பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலை மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் நர்மதாவின் அலுவலகத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் மாலையே நர்மதா தீர்ப்பாயத்தின் பதிவகத்தில் தெரிந்தவர்களிடம் கேட்டு, மேல்முறையீட்டைத் திரும்பப் பெறக் கொடுத்த கடிதத்தின் நகலுக்கு ஏற்பாடு செய்திருந்தாள். ஒரே பக்கம். சரக்கைக் குறித்துத் தவறான தகவல் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறேன், மேல்முறையீட்டைத் தொடர விருப்பமில்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே சாராளின் கையெழுத்து. அவளுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை.

மேலே இருந்த தேதியைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அது ஜெனிபருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்த வாரம். பொன்னேரியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்தாள். வசந்தகுமார் பிளாஸ்கில் காபியும், ஒரு பையில் நாஷ்டாவும் கொண்டுவந்தான். பேங்கில் புதுப்பிக்க வேண்டிய பேப்பர்கள் என்று ஒரு கட்டை எடுத்தான். இப்போது வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றுகூடச் சொன்னான். பரவாயில்லை கொடு என்று அவள்தான் வாங்கி, முழங்கால்மேல் வைத்து வரிசையாகக் கையெழுத்துப் போட்டாள். அவன் போகும்போது ஜெனிபரின் தலையைத் தடவிவிட்டுப் போனான்.

நர்மதா தண்ணீர் கொடுத்தாள். இது உங்களுக்குத் தெரியாமல் வாங்கின கையெழுத்து என்றால், மேல்முறையீட்டை மறுபடியும் உயிர்ப்பிக்கச் சொல்லி மனுப் போடலாம், ஆனால் உங்கள் பங்காளியைப் பற்றி அதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றாள். சாராள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பெரியபாளையம் போனாள். போகாமல் இருந்துவிடு என்று மோசஸ் சொன்னான். குழந்தை என்ன செய்தது என்று கேட்டுவிட்டு, வாங்கி வைத்திருந்த கொலுசை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆனால் குழந்தைக்காக மட்டும் அவள் போகவில்லை. ஒரே ஒரு தடவை அவனிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

ஆடி மாதக் கூட்டம். மண்டபம் கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை, காது வலியில் அழுது ஓய்ந்து, தாய்மாமன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. வசந்தகுமார் பட்டு வேட்டியில் வாசலுக்கே வந்து அழைத்துப் போனான். இப்போதுதான் அக்கா வரவில்லையே என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றான். அவன் மனைவி பூமிகா, அத்தை போட்டுவிடட்டும் என்று குழந்தையின் காலை நீட்டிப் பிடித்தாள். சாராள் கொலுசைப் போட்டுவிட்டாள்.

சாப்பாட்டுப் பந்திக்குப் போகும்போது அவன் கூடவே வந்தான். அவள் நின்றாள்.

"வசந்து, நம்ம அப்பீலு இன்னா ஆச்சு? தேதி எதுனா தெரிஞ்சுதா?"

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதைத்தான் அவள் பிற்பாடு மோசஸிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். கண் விலகவில்லை, குரல் தடுமாறவில்லை. அவள் தோளுக்குமேல் யாருக்கோ வணக்கம் போட்டுக்கொண்டே பதில் சொன்னான்.

"போன வாரம்கூட விசாரிச்சேங்கா. இன்னும் லிஸ்ட்லயே வரலயாம். நீ ஏன் அதையே நெனச்சுக்கினு கீற? போய் சாப்புடு, வடை சூடா போடறாங்க."

அவள் பந்தியில் உட்கார்ந்தாள். இலையில் போட்டதைச் சாப்பிட்டாள். பூமிகாவிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறினாள். பஸ்ஸில் வேப்பிலையும் மஞ்சள் புடவையுமாகப் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் அழுதுகொண்டிருந்தது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை வசந்தகுமார் மண்டபத்தில் மிஞ்சின லட்டை ஆட்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தான். அவள் அவனுடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கடிதத்தின் நகலை மேஜைமேல் வைத்தாள். அவன் அதை எடுத்துப் படிக்கவில்லை. பார்த்ததுமே நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

அவன் மறுக்கவில்லை. கார்களுக்கு உதிரிபாகம் செய்கிற பெரிய கம்பெனி ஒன்று நமக்கு ஆர்டர் கொடுக்க வந்தது, வழக்கு எதுவும் நிலுவையில் இருக்கக்கூடாது என்று முதல் நிபந்தனையே அதுதான், வழக்கை முடித்தால்தான் உள்ளே விடுவார்கள், அது வந்ததால்தான் இன்றைக்கு அறுபது பேர் வேலை செய்கிறார்கள் என்று சொன்னான். கன்சல்டன்ட்தான் இப்படி எழுதிக் கொடுத்தால் உடனே முடியும் என்றானாம். அவளுடைய அபராதத்தையும் கம்பெனியே கட்டிவிட்டது, அவள் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை என்றான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் சாராள்.

"சொன்னா நீ ஒத்துக்கினு இருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

வெளியே மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் எவ்வளவோ கேட்க நினைத்துத்தான் வந்தாள்: ஆஸ்பத்திரியில் வைத்து எப்படிக் கேட்க மனம் வந்தது, தப்பு செய்தேன் என்று என் பெயரில் எழுதும்போது என் ஞாபகம் வரவில்லையா என்று. கடைசியில் வேறொன்றைத்தான் கேட்டாள்.

"மூணு வருஷமா மாசாமாசம் கேட்டேன். தேதி வரலன்னு சொல்றப்போ உங்களுக்கு ஒண்ணுமே தோணலயா?"

'உங்களுக்கு' என்றதை அவன் கவனித்தான். மேஜையையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மொதல்ல ரெண்டு மூணு தபா கஷ்டமா இருந்துச்சுக்கா. அப்பால பழகிடுச்சு."

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்று வருஷத்தில் இந்த விஷயத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் மனுப் போடப்போகிறேன், உங்களுக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்றுதான் வந்தேன் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். அப்படிச் செய்தால் ஆர்டர் போய்விடும், கம்பெனியே நின்றுவிடும் என்று அவன் பின்னால் வந்தான். மெஷின் ஹாலில் ஆட்கள் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

செய்தி கம்பெனி முழுக்கப் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. சாராக்கா கேஸ் போட்டுக் கம்பெனியை மூடப்போகிறாள் என்றுதான் அது பரவியது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் சுமலதா வந்தாள். முதல் நாளிலிருந்து கூட இருக்கிற மெஷின் ஆபரேட்டர் அவள். சாராள்தான் அவளுக்குக் கையைப் பிடித்து வேலை கற்றுக்கொடுத்தாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள்.

"ஒம் பேருக்காவ எங்க சோத்துல கை வெக்கறியாக்கா?" என்று கேட்டாள்.

சாராள் அவளை உட்காரவைத்து, நடந்தது முழுவதையும் சொன்னாள். சுமலதா கேட்டாள். கேட்டுவிட்டு, அவர் செய்தது தப்புத்தான், ஆனாலும் மூன்று வருஷம் ஆகிவிட்டதே, விட்டுவிடக்கூடாதா என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் சாராளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. வசந்தகுமார் செய்ததைவிட இது அதிகமாக வலித்தது என்று சாராள் பிறகு சொல்லியிருக்கிறாள். ஆனால் சுமலதாமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

மனுவில் கம்பெனியைத் தொடவில்லை. கம்பெனி தன் மேல்முறையீட்டை விட்டது விட்டதாகவே இருக்கட்டும், என் பெயரில் இருந்ததை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் நர்மதாவை எழுதச் சொன்னாள். தீர்ப்பாயம் வசந்தகுமாருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. அவன் உண்மையை எழுதிக் கொடுப்பான் என்று மோசஸ் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லாமலாவது இருப்பான் என்று சாராள் நினைத்தாள்.

விசாரணை அன்று மோசஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு வந்தான். தீர்ப்பாயம் அவள் கற்பனை செய்திருந்த மாதிரி இல்லை. சின்ன அறை, இரண்டு உறுப்பினர்கள் உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள், வக்கீல்கள் கோப்புகளோடு கதவுக்கு வெளியே வரை நின்றார்கள். ஒவ்வொரு வழக்கும் நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று ஓடியது. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஐந்து வருஷமாக அந்த இடத்தில் அந்தப் பெயர் ஒருமுறைகூடக் கூப்பிடப்பட்டதில்லை.

வசந்தகுமார் வரவில்லை. அவன் வைத்திருந்த வக்கீல் எழுந்து அவனுடைய பதிலைப் படித்தார். சாராள் படித்தவர், கம்பெனியின் பங்குதாரர், கடிதத்தை முழுவதும் படித்துப் பார்த்துத் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார், இப்போது மற்றவர்கள் ஜெயித்துவிட்டதைப் பார்த்து மனம் மாறிச் சொல்கிறார் என்று அதில் இருந்தது.

மோசஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் அழவில்லை. முதல் தடவை அவன் அவளிடம் மறைத்தான். இந்தத் தடவை அவளைப் பொய்க்காரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். முதலாவதற்கு ஆர்டர், அறுபது பேர் வேலை என்று காரணம் சொன்னான். இதற்கும் அந்தக் காரணத்தையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பான் என்று அவளுக்குப் பட்டது. அதோடு அவனைப் பற்றி யோசிப்பதை அவள் அந்த அறைக்குள் நிறுத்திவிட்டாள்.

நர்மதா ஆஸ்பத்திரி பற்றிச் சொன்னாள், தேதியைக் காட்டினாள். உறுப்பினர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு அவள் அதே இருபத்து மூன்றை எடுத்தாள். பத்தொன்பது பேர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று இதே தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. அதே சரக்கு, அதே கப்பல்கள். அப்படியிருக்க என் கட்சிக்காரர் மட்டும் இல்லாத ஒரு தப்பை எப்படி ஒப்புக்கொண்டிருக்க முடியும் என்று கேட்டாள். மூத்த உறுப்பினர் வசந்தகுமாரின் வக்கீலைப் பார்த்து, இந்தம்மாவின் மேல்முறையீடு திரும்ப வந்தால் உங்கள் கட்சிக்காரருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். வக்கீல் கோப்பைப் புரட்டினார்.

சாராளின் மேல்முறையீடு மறுபடியும் எடுத்துக்கொள்ளப்பட்டது. சில மாதங்களில் மற்றவர்களுடைய தீர்ப்பையே பின்பற்றி அதுவும் முடிந்தது. சரக்கு கழிவு அல்ல, அவள் பொய்யாக எழுதவில்லை, அபராதம் ரத்து.

அதற்குள் அவள் கம்பெனியை விட்டு வந்துவிட்டாள். பிரிந்துபோவது பற்றிய பேச்சையெல்லாம் இரண்டு பக்கத்து ஆடிட்டர்களே பேசிக்கொண்டார்கள். வசந்தகுமார் சொன்னதுபோல் கம்பெனி நின்றுவிடவில்லை. கார் கம்பெனிக்காரர்கள் கொஞ்ச நாள் ஆர்டரை நிறுத்தி வைத்து, விசாரித்து, கம்பெனிமேல் வழக்கு எதுவும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பக் கொடுத்தார்கள். இடையில் வேலை குறைந்தபோது நின்றுபோனவர்களில் ஐந்து பேர் திரும்ப வரவில்லை. சுமலதாவுக்கு வேலை போகவில்லை. தேர்வாய் கண்டிகையில் ஒரு பெரிய தொழிற்சாலையில் சாராளைத் தரக்கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். பழைய வேலை மாதிரி இல்லை, ஆனாலும் வேலை. பஸ்ஸில் போய்வந்தாள். வழியில் ஒரு தடவை வசந்தகுமாரின் கார் சிக்னலில் பக்கத்தில் நின்றது. அவன் கண்ணாடியை இறக்கினான். அவள் பார்க்காத மாதிரி இருந்தாளா, உண்மையிலேயே பார்க்கவில்லையா என்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

தீர்ப்பு வந்த நாள் அவள் இரண்டாம் ஷிப்டில் இருந்தாள். சாயங்காலம் நர்மதா போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள், உத்தரவையும் அனுப்பினாள். சாராள் மெஷின் சத்தத்திலிருந்து விலகி, பொருட்கள் ஏற்றுகிற மேடைப் பக்கம் வந்து நின்று அதைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். தன் பெயர் வருகிற வரியில் மூன்றாவது முறையும் நின்றாள். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது.

போனைக் காதில் வைத்தபிறகுதான் கூப்பிட்டிருப்பது யாரை என்று அவளுக்கு உறைத்தது. நல்லதோ கெட்டதோ, பதினாலு வருஷமாக எதுவானாலும் அவள் முதலில் சொன்னது வசந்தகுமாரிடம்தான். ஆர்டர் வந்தால் அவனிடம். மெஷின் நின்றால் அவனிடம். ஜெனிபரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு, மோசஸ் ஷிப்டில் இருந்ததால், அவனிடம். விரல் தானாக அந்தப் பெயருக்குப் போயிருந்தது. மறுமுனையில் மணி ஒருமுறை அடித்துவிட்டது.

அவள் அவசரமாக அணைத்தாள். கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். அவன் திரும்பக் கூப்பிட்டான். திரையில் அவன் பெயர் எரிந்து எரிந்து, நின்றுபோகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மோசஸைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஜெனிபரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி அவளிடமும் சொன்னாள். இதை எல்லாருக்கும் அனுப்பட்டுமா அம்மா என்று ஜெனிபர் கேட்டாள். அனுப்பு என்றாள் சாராள். ஷிப்டு முடிய இன்னும் நேரம் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.